பேப்பர் பேக்டிராப் சுருங்குகிறதா, சரிகிறதா, கழன்று விழுகிறதா? கோளாறு எங்கே என்று பார்க்கும் வழி

படம் எடுக்கும்போது ஆளுக்கும் பொருளுக்கும் பின்னால் தொங்கவிடும் ஸ்டுடியோ பேப்பரில் சுருக்கம் விழுந்தால் முதல் பழி பேப்பர் மேல்தான். ‘ரோல் சரியில்ல, வேற கம்பெனி வாங்கு’ என்பார்கள். பெரும்பாலும் பேப்பர் மேல் குற்றமே இருக்காது. அதைத் தாங்கும் பைப் தொய்ந்திருக்கும், அல்லது பைப்பைத் தாங்கும் ஸ்க்ரூ செங்கல்லைத் தொடாமல் பூச்சிலேயே நின்றிருக்கும், அல்லது காற்றில் இருக்கும் ஈரம் வேலையைக் காட்டியிருக்கும். இந்த மூன்றையும் பார்க்காமல் புது ரோல் வாங்கினால், அதிலும் அதே இடத்தில் அதே சுருக்கம் வரும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி வடசென்னைக் கடலோரத்தில் பழைய சுவர், உப்புக்காற்று, ஈரம் மூன்றும் ஒரே அறையில் கூடிவிடுவதால் எது காரணம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

மாட்டியிருப்பது என்ன?

இங்கே சொல்வதெல்லாம் மலிவான அமைப்புக்கு: சுவரில் இரண்டு பிராக்கெட், குறுக்கே ஒரு பைப், அதில் கோத்த பேப்பர் ரோல். பரவலாகக் கிடைக்கும் அகலம் இரண்டு. 2.72 மீட்டர், 1.35 மீட்டர். நீளம் இரண்டுக்கும் 11 மீட்டர். பேச்சில் ஒன்பதடி ரோல், நாலரையடி ரோல். புது ஒன்பதடி ரோல் உள்ளே இருக்கும் அட்டைக் குழலோடு சேர்த்து 6 முதல் 7 கிலோ, விட்டம் 8 முதல் 9 செ.மீ.

ஒன்பதடி ரோலுக்கு வேண்டிய சாமான்:

- ஒரு இன்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், 10 அடி. நீலப் பட்டை போட்ட மீடியம் ரகம். மஞ்சள் பட்டை மெலிசு, சிவப்புப் பட்டை வீண் கனம். பைப் 20 அடி நீளமாகத்தான் வரும். நடுவில் வெட்டச் சொன்னால் இரண்டாவது ரோலுக்கும் பைப் ஆச்சு.
- எல் பிராக்கெட் 2. கை 6 இன்ச். சுவரில் படும் பக்கத்தில் மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் நடுவே குறைந்தது 4 இன்ச் இருக்க வேண்டும்.
- கையின் மேல் நிமிர்த்தி மாட்ட 3 இன்ச் போல்ட்டு 4. பிராக்கெட்டுக்கு இரண்டாக, 36 மி.மீ. இடைவெளி விட்டு மாட்டினால் பைப் நடுவில் உட்காரும், தூக்கி எடுப்பதும் சுலபம்.
- சுவர் ஓட்டைக்குள் அடிக்கும் 8 மி.மீ. பிளக் 6, அதற்கேற்ற இரண்டரை இன்ச் ஸ்க்ரூ 6.
- ஹோஸ் கிளிப் 2, ஸ்பிரிங் கிளாம்ப் 4.

பைப்பின் நடுமையம் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கட்டும். புது ரோலின் பாதி விட்டமே நாலரை செ.மீ. போய்விடும். அதைவிட நெருக்கினால் ரோல் சுவரைத் தேய்க்கும், சுவரின் ஓதமும் பேப்பருக்கு ஏறும்.

நாலரையடி ரோலுக்கு இவ்வளவு வேண்டாம். 40 மி.மீ. பிவிசி பைப் 5 அடியும், கெட்டியான கர்ட்டன் பிராக்கெட் இரண்டும் போதும். பாஸ்போர்ட் சைஸ், குழந்தைப் படம், ஆன்லைனில் விற்கும் சேலை, நகை, பாத்திரம் என்று எடுப்பவர்கள் ஒன்பதடிக்குப் போவதே தேவையில்லாத வேலை. பத்துக்குப் பத்து அறையில் ஒன்பதடி ரோலை மாட்டினால் பக்கத்துக்கு அரை அடிதான் மிஞ்சும். லைட் ஸ்டாண்டை எங்கே வைப்பது?

சுருக்கம்: எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள்

பேப்பரை இரண்டு மீட்டர் இறக்கி, அறை லைட்டை அணைத்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் டார்ச் அடியுங்கள். சுருக்கத்தின் திசை தெளிவாகத் தெரியும்.

*இரண்டு மேல் மூலையிலிருந்தும் கீழ் நடுவை நோக்கிச் சாய்வாக வருகிறது.* பைப் நடுவில் தொய்ந்திருக்கிறது. ஓரம் இரண்டும் விறைத்து நிற்க, நடுப்பகுதி லூசாகிப் புடைக்கும். உறுதி செய்ய, இரு பிராக்கெட்டுக்கும் நடுவே மீன் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, பைப்பின் நடுவில் எவ்வளவு இறக்கம் என்று அளந்து பாருங்கள். நூல் கட்டினால் அதுவே தொய்யும், நரம்புதான் சரி.

ஒன்பதடிக்கு ஒரு இன்ச் நீலப் பட்டை ஜி.ஐ. பைப் தன் கனம், ரோல் கனம் இரண்டையும் சேர்த்துச் சுமார் 6 மி.மீ. தொய்யும். கொத்தனார் கணக்கில் இரண்டு நூல். இது பேப்பரில் தெரியாது. வீட்டில் கர்ட்டனுக்குப் போடும் மெல்லிய ஸ்டீல் ராடு அதே நீளத்தில் மூன்று செ.மீ. வரை தொய்யும், சுருக்கம் விழும். கர்ட்டனுக்கு நடுவில் மூன்றாவது பிராக்கெட் கொடுப்பார்கள், ரோலுக்கு அது முடியாது. 40 மி.மீ. பிவிசி பைப்போ வெறுமனே கணக்குப் போட்டால் ஒரு சாண் தொங்கும். ரோலின் அட்டைக் குழல் கொஞ்சம் தாங்குவதால் நேரில் அவ்வளவு வராது, ஆனால் போகவும் போகாது. அதே பிவிசி ஐந்தடி இடைவெளியில் நாலரையடி ரோலை ஒன்றே கால் செ.மீ. தொய்வோடு தாங்கிவிடும். நீளம் பாதியானால் கனமும் பாதி, அதே கனத்துக்கு வளைவும் எட்டில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்துதான் இவ்வளவு வித்தியாசம்.

ஆகவே ஒன்பதடிக்கு பிவிசி போட்டிருந்தால், மாற்றுவது பைப்பை. இன்னும் பெரிய பிவிசி போடலாமே என்றால், 50 மி.மீ. பைப் பல ரோல்களின் குழலுக்குள் நுழையாது. பிவிசிக்குள் சவுக்குக் கம்பைத் திணிப்பதும் உண்டு. கம்பு நேராகக் கிடைத்தால் சரி, கிடைப்பது அரிது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மொட்டைமாடி அறையில், கத்திரி வெயிலில், பிவிசி வளைந்த வாக்கிலேயே நின்றுவிடும். அதை அரைச் சுற்று திருப்பி மாட்டினால் சில வாரம் ஓடும். அது தள்ளிப்போடுவதுதான்.

*ஒரே பக்கம் விறைப்பு, மறுபக்கம் லூசு. பேப்பரின் அடி ஒரு பக்கமாக ஒதுங்குகிறது.* பைப் சாய்ந்திருக்கிறது. வலது முனை தாழ்ந்திருந்தால் பேப்பரின் அடி இடப்பக்கம் ஒதுங்கும். இடது தாழ்ந்தால் வலப்பக்கம். இரு முனைக்கும் ஒரு செ.மீ. வித்தியாசம் இருந்தாலே ஐந்து மீட்டர் இறக்கும்போது அடி ஓரம் இரண்டு செ.மீ. வரை தள்ளிப் போகும். திரும்பச் சுற்றும்போது ஓரம் ஒரு பக்கமாக ஏறி ஏறி, ரோல் கூம்பு மாதிரி ஆகிவிடும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் தரையிலிருந்தோ சீலிங்கிலிருந்தோ டேப் வைத்து அளந்ததுதான். தண்ணீர் ஓட வேண்டும் என்று தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். பழைய வீட்டுச் சீலிங்கும் ஒரே மட்டத்தில் இருக்காது. மூன்று மீட்டர் பைப்பின் மேல் சின்ன ரசமட்டத்தை நடுவில் வைத்துப் பார்ப்பதும் ஏமாற்றும், இவ்வளவு சின்னச் சாய்வு அதில் சரியாகத் தெரியாது. டியூப் லெவல் போடுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் அதே ட்ரான்ஸ்பரன்ட் டியூப்தான், ஐந்து மீட்டர் வாங்கி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு பிராக்கெட் பக்கத்திலும் பிடித்துத் தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சில் கோடு போட்டால் முடிந்தது. தாழ்ந்த பக்கம் பிராக்கெட்டின் கைமேல் வாஷர் போட்டு உயர்த்தலாம். புதிதாகச் சுவரில் ஓட்டை போடத் தேவையில்லை.

*மேலிருந்து கீழே நெடுக அலை அலையாக, தகரக் கூரை மாதிரி.* ஈரம். பேப்பரின் நார் ரோல் சுற்றும் திசையில், அதாவது நீளவாக்கில் ஓடுகிறது. ஈரம் குடித்தால் நார் நீளத்தில் அதிகம் வளராது, தடிமனில்தான் ஊதும். அதனால் பேப்பர் அகலவாக்கில் விரிகிறது. மேலே ரோல் இறுக்கிப் பிடித்திருப்பதால் விரிந்த அகலம் போக இடமில்லாமல் நெடுக்கு அலையாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது வராத ஸ்டுடியோ கடலோரத்தில் கிடையாது.

இதற்கு இழுத்துக் கட்டுவது மருந்தல்ல. படம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வேண்டிய நீளம் இறக்கிவிட்டு, ஏசி இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் கதவு ஜன்னலைச் சாத்தி, லைட்டை எரியவிட்டு உலர விடுங்கள், ஆனால் லைட்டைப் பேப்பருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கீழ் ஓரத்தில் ஒரு ரீப்பர் கட்டையையோ பழைய கர்ட்டன் ராடையோ நாலைந்து கிளிப் போட்டு மாட்டினால் எடை எல்லா இடத்திலும் சமமாக இழுக்கும். மெல்லிய அலை அதில் அடங்கிவிடும். நடுவில் ஒரே ஒரு கனமான பொருளைத் தொங்கவிட்டால் புதுச் சுருக்கம் வரும்.

வேலை முடிந்ததும் முழுக்கச் சுற்றி, வந்த பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு, வாயை டேப் ஒட்டி, மூலையில் நிமிர்த்தி வையுங்கள். படுக்கப் போட்டால் தன் கனத்திலேயே ஒரு பக்கம் நசுங்கும்; பரண் மேல் இரு முனையில் மட்டும் தாங்கி வைத்தால் நடுவே வளையும். மழைக்காலத்தில் ரோலைப் பைப்பிலேயே விட்டுவைப்பதைவிட, தினம் கழற்றி உறையில் போடுவது எரிச்சலான வேலைதான். ஆனால் ரோல் மிஞ்சும்.

*குறுக்கே ஒரு கோடு, திரும்பத் திரும்ப சம இடைவெளியில்.* டேப் வைத்து இரண்டு கோட்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். புது ரோலில் 26, 27 செ.மீ. வந்தால் ரோல் எங்கோ இடி வாங்கியிருக்கிறது: ஒரு சுற்றுக்கு ஒரு கோடு. உள்ளே போகப்போக இடைவெளி குறைந்துகொண்டே வரும், கோடும் மங்கிக்கொண்டே வரும். நாலைந்து சுற்று வெட்டி எறிந்தால் நல்ல பேப்பர் வந்துவிடும். கோடு மங்காமல், உள்ளே போகப்போக ஆழமாகிக்கொண்டே வந்து, கடைசியில் 20 செ.மீ. இடைவெளியில் நின்றால் அடி அட்டைக் குழலே நசுங்கியிருக்கிறது, அல்லது பேப்பரின் உள்முனையை ஒட்டிய டேப் புடைத்திருக்கிறது. அதற்கு வைத்தியம் இல்லை. அந்தப் பகுதியைப் பொருள் படத்துக்குத் துண்டு துண்டாக வெட்டிப் பயன்படுத்தலாம்.

பாரிமுனைப் பக்கம் வாங்கி மீன்பாடி வண்டியில் கொண்டுவரும் ரோலுக்கு இந்த இடி சகஜம். ஒன்பதடி ரோல் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வண்டியின் விளிம்பு படும் இடத்தில் ஒரு பழைய துணி மூட்டை வைத்து, பக்கத்தில் 10 அடி பைப்பையும் சேர்த்துக் கட்டிவிட்டால் பைப் வளைவைத் தாங்கிக்கொள்ளும். குறுகிய மாடிப்படித் திருப்பத்தில் ஒன்பதடி ரோல் திரும்பாது. பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்ற வேண்டும். அல்லது பல் நெருங்கிய ரம்பத்தால் ரோலையே ஏழடியாக அறுத்துக்கொள்ளலாம்: அறுக்கும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இறுக்கமாக மூன்று சுற்று ஒட்டி, டேப்பின் நடுவே அறுங்கள், ரோலைச் சுழற்றிக்கொண்டே. மீதி இரண்டடி துண்டு நகைப் படத்துக்கு ஆகும்.

பிராக்கெட் ஆடுகிறது, ஸ்க்ரூ வெளியே வருகிறது

முதலில் எவ்வளவு இழுவை என்று தெரிந்துகொள்வது நல்லது. ரோல் 7 கிலோ, பைப் 7 கிலோ. ஆளுக்குப் பாதியாக ஒவ்வொரு பிராக்கெட்டிலும் 7 கிலோ. பைப் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கிறது, மேல்கீழ் ஸ்க்ரூவுக்கு நடுவே 10 செ.மீ. என்றால் மேல் ஸ்க்ரூவை வெளியே பிடுங்கும் இழுவையும் 7 கிலோதான். நல்ல செங்கல்லில் 8 மி.மீ. பிளக்குக்கு இது ஒன்றுமே இல்லை. அதையே இரண்டு இன்ச் உயரமுள்ள சின்ன பிராக்கெட்டில் மாட்டினால் இழுவை இரண்டு மடங்கு. அவசரத்தில் பேப்பரை வெடுக்கென்று இழுக்கும்போது இன்னும் ஏறும். பிராக்கெட் உயரம் முக்கியம் என்பது அதனால்தான்.

இவ்வளவு குறைந்த இழுவைக்கே ஸ்க்ரூ வருகிறது என்றால் பிளக் சுவரைப் பிடிக்கவில்லை. டிரில் போடும்போது விழும் தூளைப் பாருங்கள், சுவர் என்ன என்று அதுவே சொல்லும்.

முதலில் சாம்பல் நிறம், பிறகு நல்ல சிவப்பு: சிமென்ட் பூச்சு, உள்ளே செங்கல். பூச்சு மட்டுமே 12 முதல் 20 மி.மீ. போகும். 50 மி.மீ. பிளக்கில் மிச்சம் 30 மி.மீ. தான் செங்கல்லில். பிளக்கின் நுனி முழுக்க உள்ளே போக, அதன் நீளத்தைவிட ஒரு செ.மீ. ஆழமாக ஓட்டை போட்டு, உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுத்துவிட்டு அடியுங்கள். தூள் இருந்தால் பிளக் பாதியில் நிற்கும். வெளியே நீட்டியதை நறுக்கிவிட்டு ஸ்க்ரூ போட்டுவிடுவார்கள், இரண்டு மாதத்தில் ஆட ஆரம்பிக்கும். சிவப்புத் தூள் நடுவே திடீரென்று சாம்பலாக மாறி பிட் சுலபமாக இறங்கினால் கல்லுக்கு நடுவே உள்ள கலவையில் விழுந்திருக்கிறீர்கள். மூன்று செ.மீ. மேலேயோ கீழேயோ மாற்றிப் போடுங்கள்.

கடைசிவரை சாம்பல், பிட் சூடாகிக் கத்துகிறது, இறங்க மாட்டேன் என்கிறது: கான்கிரீட் லிண்டல் அல்லது பீம். ஹேமர் டிரில் வேண்டும். பிடித்துவிட்டால் இதைவிட உறுதியான இடம் இல்லை. கம்பியில் முட்டினால் விட்டுவிட்டு இரண்டு செ.மீ. தள்ளிப் போடுங்கள்.

வெள்ளையாக, மாவு மாதிரி, கையால் அழுத்தினாலே பிட் இறங்குகிறது: புது அடுக்குமாடிகளில் வரும் ஏஏசி பிளாக். ஹேமரை அணைத்துவிட்டு சும்மா சுற்றில் மட்டும் போடுங்கள். ஹேமரில் போட்டால் ஓட்டை தானாகவே பெரிதாகும். சாதா பிளக் இதில் நிற்காது, பிளாக்குக்கென்றே விற்கும் நீள நைலான் பிளக் வாங்க வேண்டும். பிட் சட்டென்று ஓர் இன்ச் உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். உள்ளே போனதும் விரிந்து பிடிக்கும் ரக பிளக் தேவை.

வெளிறிய தூள், சிவப்பும் வெள்ளையும் கலந்து, மணல் மணலாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, ஸ்க்ரூ முறுக்கினால் பிளக்கும் சேர்ந்து சுற்றுகிறது: சுண்ணாம்புக் கட்டு. ஜார்ஜ் டவுன், ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளில் இதுதான் பெரிய தலைவலி. இங்கே பெரிய பிளக், இன்னும் பெரிய பிளக் என்று போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் கை நுழையும் பொந்துதான் மிஞ்சும். ஒரே புள்ளியில் பாரத்தை வைக்காமல் பரப்புவதுதான் வழி. இரண்டு இன்ச் அகலம், ஓர் இன்ச் தடிமனில் பத்தடி ரீப்பர் ஒன்று வாங்குங்கள். சுவரில் மட்டம் பார்த்து, ஒன்றரை அடிக்கு ஒரு ஸ்க்ரூவாக ஏழு இடத்தில் அடியுங்கள். ஏழில் இரண்டு சுற்றினாலும் மிச்சம் ஐந்து தாங்கும். சுற்றும் ஓட்டையில் பிளக்கைச் சுற்றி எம்-சீல் பூசி, ஒரு நாள் காயவிட்டு ஸ்க்ரூ போட்டால் அதுவும் பிடித்துவிடும். பிறகு பிராக்கெட்டை மரத்தில் மாட்டுங்கள். இரண்டு இன்ச் அகலத்தில் பிராக்கெட்டின் கீழ் ஸ்க்ரூ வராது என்பதால், இரு முனையிலும் ஒரு முழ நீளத்துக்கு இன்னொரு ரீப்பரை நெடுக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரீப்பர் முறை நல்ல சுவருக்கும் நல்லதே: இரண்டு பிராக்கெட்டும் ஒரே மட்டத்தில் வந்துவிடும், நாளைக்கு இடம் மாற்றினாலும் சுவரைத் தொட வேண்டாம்.

அதே பழைய வீட்டின் மெட்ராஸ் டெரஸ் சீலிங்கில் தேக்கு உத்திரங்கள் இருந்தால் சுவரையே மறந்துவிடலாம். உத்திரத்தில் 4 மி.மீ. முன்ஓட்டை போட்டு, மூன்று இன்ச் கொக்கித் திருகை முறுக்கி ஏற்றி, சங்கிலியில் பைப்பைத் தொங்கவிடுங்கள். முன்ஓட்டை இல்லாமல் முறுக்கினால் பழைய தேக்கில் திருகு பாதியில் ஒடியும். உத்திரங்களுக்கு நடுவே இருக்கும் செங்கல்லில் எதையும் அடிக்காதீர்கள். ஊஞ்சல் கொக்கி இரண்டு ஏற்கெனவே இருந்தால் அதிர்ஷ்டம். ஃபேன் கொக்கியில் ஃபேனோடு சேர்த்து ரோலையும் தொங்கவிடுவது வேண்டாத விளையாட்டு.

எந்தச் சுவராக இருந்தாலும் ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே ஓட்டை போடாதீர்கள். ஒயர் பைப் அங்கேதான் இறங்கும். பாத்ரூம் அடுத்த பக்கம் இருந்தால் தண்ணீர் பைப் எங்கே ஓடுகிறது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பிளக் கெட்டியாக இருந்தும் நட்டு மட்டும் அடிக்கடி லூசாகிறதா? கடையின் ஷட்டர் அதே சுவரில் இருந்தால் தினம் இரண்டு வேளை அதிர்வு. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி போகும் சாலை ஓரமென்றால் நாள் பூராவும். ஸ்பிரிங் வாஷர் போட்டு, நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு இறுக்குங்கள்.

வீட்டுக்காரர் ஓட்டை போட விடவில்லை

கதவு உயரத்தில் கான்கிரீட் பரண் இருந்தால் அதன் முன் விளிம்பில் 4 இன்ச் ஜி கிளாம்ப் இரண்டு. கிளாம்பின் இரு தாடைக்கும் நடுவே ரப்பர் துண்டு வைத்து இறுக்கி, அதில் சங்கிலி வளையம் போட்டுப் பைப்பைத் தொங்கவிடலாம். ஏழடி உயரம்தான் கிடைக்கும், உட்கார்ந்து எடுக்கும் படத்துக்குப் போதும். பரண் இல்லையென்றால் 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் இரண்டில் ஒரு இன்ச் ஜி.ஐ. பைப்பை நிமிர்த்தி, தூக்குக்குண்டு பார்த்து, சிமென்ட் கலவை கொட்டி ஒரு வாரம் தண்ணீர் தெளித்து வையுங்கள். மேலே டி (T) ஜாயின்ட் போட்டுக் குறுக்குப் பைப் வைத்தால் ஸ்டாண்ட் தயார். கனம் அதிகம், அதுதான் வேண்டியதும்.

டபுள் சைடு டேப், ஒட்டும் கொக்கி இவற்றை நம்பாதீர்கள். டேப் விடாது, அதன் பின்னால் இருக்கும் சுண்ணாம்பும் பட்டியும் விட்டுவிடும். ஓட்டை போடாமல் தப்பித்து, ஒரு சாண் பெயின்ட்டை உரித்துக் கொடுத்தால் அட்வான்ஸில் பிடிப்பது ஒன்றுதான்.

ரோல் தானாக அவிழ்ந்து தரையில் கிடக்கிறது

இறங்கிய பேப்பரின் கனமே மீதியை இழுக்கும். இரு ஓரத்திலும் ரோலையும் தொங்கும் பேப்பரையும் சேர்த்து ஸ்பிரிங் கிளாம்பால் கவ்வுங்கள். கிளாம்ப் பதிந்த இடம் வடுவாகும் என்பதால் ஓரத்தில் மட்டும், நடுவே அட்டைத் துண்டு வைத்து. ரோல் பைப்பில் நகர்ந்து ஓரம் பிராக்கெட்டில் உரசிக் கிழிகிறது என்றால், குழலின் இரு முனைக்கும் வெளியே பைப்பில் ஹோஸ் கிளிப்பை இறுக்கிவிடுங்கள்.

சங்கிலி இழுத்து ஏற்றி இறக்கும் செட் வாங்கியிருந்து, சங்கிலி சுற்றினாலும் ரோல் சுற்றவில்லை என்றால், குழலுக்குள் விரியும் அந்த பிளக் நழுவுகிறது. அதன் மேல் மாஸ்கிங் டேப் நாலு சுற்று போட்டுத் திரும்பச் செருகி இறுக்குங்கள். இந்த செட்டில் நடுவே பைப் கிடையாது, அட்டைக் குழலே தன்னைத் தாங்குகிறது. நம்மூர் ஈரத்தில் குழல் மெதுவாக வளைவதும், பேப்பரில் மூலைச் சுருக்கம் வருவதும் இதனால்தான். வேலை இல்லாத நாளில் ரோலைக் கழற்றி நிமிர்த்தி வைப்பது ஒன்றே வழி.

கீழே மடிகிறது, கிழிகிறது, அழுக்காகிறது

சுவரும் தரையும் சேரும் இடத்தில் பேப்பரை ஒட்டித் தள்ளினால் மடிப்புக் கோடு விழும், அது படத்தில் தப்பாது. சுவரிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளித் தரையைத் தொடும்படி பெரிய வளைவாக விட வேண்டும். முழு உருவப் படத்துக்கு உயரம் எட்டடி, தரையில் இன்னொரு எட்டடி என்று சுமார் ஐந்து மீட்டர் இறக்க வேண்டியிருக்கும். முன் ஓரத்தை மாஸ்கிங் டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். பிரவுன் டேப் எடுக்கும்போது பேப்பரையும் கூட்டிக்கொண்டு வரும்.

ஹீல்ஸ் பட்டு ஓட்டை விழுவது டைல்ஸின் இடைக்கோட்டில்தான். அடியில் எட்டுக்கு நாலு ஹார்ட்போர்டு ஒன்று விரித்தால் போதும். அது இல்லையென்றால் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை அச்சு கீழே பார்க்க விரியுங்கள். காலடி ஈரமும் தரையின் ஓதமும் மேலே ஏறாது. தேய்ந்த ரெட் ஆக்சைடு தரையில் வெள்ளைப் பேப்பரை நேரடியாக விரித்தால் அடி சிவக்கும், திரும்பச் சுற்றும்போது அந்தச் சிவப்பு மேல் பக்கத்துக்கும் ஒட்டும். அழுக்கான பகுதியைச் சுற்றி உள்ளே விடாதீர்கள். வெட்டி எறியுங்கள், வெட்டிய துண்டு சின்னப் பொருள் படத்துக்கும் லைட் டெஸ்ட்டுக்கும் உதவும்.

கறை

பழுப்புக் கோடு மேல் ஓரத்தில் என்றால் துரு. ஜி.ஐ. பைப்பை வெட்டிய முனையில் துத்தநாகப் பூச்சு இல்லை, உப்புக்காற்று முதலில் அங்கேதான் பிடிக்கும். முனையில் சிங்க் பெயின்ட் அடித்து மூடி போடுங்கள். சாதா இரும்பு எல் பிராக்கெட்டுக்கும் ஒரு கோட்டு பெயின்ட் வேண்டும், ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

மங்கலான திட்டுத் திட்டாக, சுவர்ப் பக்கத்தில், தொட்டால் சில்லென்று இருந்தால் ஓதம். அந்தச் சுவரில் உப்பு பூத்திருக்கிறதா பாருங்கள். பூத்திருந்தால் எந்த பிராக்கெட்டும் அங்கே வேண்டாம், எதிர்ச் சுவருக்கு மாறுங்கள்.

ரோலின் மேல் பக்கம் கறுப்புத் தூசி படிந்து, இறக்கும்போது பட்டை பட்டையாக வருவது எண்ணூர், அத்திப்பட்டு, மணலிப் பக்கம் அதிகம். ரோலுக்கு மேல் நெடுக ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை மூடாக்குப் போடுங்கள். படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தால் சேறாகிவிடும். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால், காய்ந்த நிலையில், ஒரே திசையில் தட்டிவிடுங்கள்.

படபடக்கிறது

ஃபேனை நிறுத்துங்கள். மதியம் கடற்காற்று வீசத் தொடங்கும் நேரத்தில் கிழக்கு ஜன்னல் திறந்திருந்தால் ஃபேனை நிறுத்தியும் பயனில்லை. அதையும் சாத்திவிட்டு, கீழ் ஓரத்தில் ரீப்பர் கட்டையை மாட்டுங்கள்.